கழுவிய கற்கள்

பிள்ளைகளே, போன மாதம் வைலேயில் கண்காட்சி பார்த்துவிட்டு ரயிலில் திரும்பி வரும்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. கேட்டது மூத்தவள். தம்பி காதில் மாட்டிய கருவியில் பாட்டுக் கேட்டபடி இருந்தான். ஆகவே அவனுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். மகளே, உன் மடியில் கண்காட்சியில் தந்த சிறு புத்தகம் இருந்தது. முப்பது வருடங்களாக டென்மார்க்கின் இந்த யூலண்ட் மண்ணில் தோட்டங்கள் அமைத்த ஜப்பான்காரப் பெண்மணியைப் பற்றிய புத்தகம். அவர் இறந்து இரண்டு மாரிகாலம் கடந்துவிட்டது. நீ ஒரு பக்கத்தை விரித்து, ஹோர்சன்ஸ் முதியோர் இல்லத் தோட்டத்தின் படத்தைக் காட்டி, கீழே இருந்ததைத் தமிழாக்கி வாசித்தாய். அதுவரை கற்பாசி படிந்த பழைய கற்களையே தேடித்தேடி வைத்தவர், இந்தத் தோட்டத்தில்தான் முதன்முறையாக வெறுங்கல்லைத் துணிந்து வைத்தார், அது நெடுநாள் யோசித்து எடுத்த முடிவு, அவருடைய கலை அங்கேதான் திரும்பியது என்று எழுதியிருந்தார்கள். "ஏ தெ ரிக்தி, அப்பா? உண்மையோ? நீங்கள் அங்கை வேலை செய்தனீங்கள்தானே?" என்று கேட்டாய். நான் வெளியே உழுது போட்டிருந்த வயல்களைப் பார்த்துக்கொண்டு "ஓம்" என்றேன்.

அந்த "ஓம்" பாதிதான் சரி. அங்கே வேலை செய்தது உண்மை. மற்றது உண்மையில்லை. அன்றிலிருந்து அது நெஞ்சுக்குள் குறுக்கே கிடக்கிறது. நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். கலையைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில், அந்தப் புத்தகம் எழுதியவருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். உங்களுக்காவது அதை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும்.

அப்போது மூத்தவள் பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள், தம்பி பிறக்கவில்லை. நான் பன்னிரண்டு வருடம் வேலை செய்த இறைச்சித் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். அம்மா முதியோர் பராமரிப்பு வேலைக்கு விடியப் போவா; நான் உன்னைச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து யன்னலோரம் நிற்பேன். கொமூன் என்கிற நகரசபை அலுவலகத்துப் பெண் கடைசியில் என்னை ஒரு தோட்ட வேலைக் கொம்பனிக்கு பிரக்டிக் என்று அனுப்பினாள். பதின்மூன்று கிழமை வேலை பழக வேண்டும். பிடித்தால் நிரந்தரமாக எடுப்பார்கள், பிடிக்காவிட்டால் மறுபடியும் யன்னலோரம்தான். நாற்பத்திரண்டு வயதில் ரப்பர் சப்பாத்தும் மஞ்சள் அங்கியும் போட்டுக்கொண்டு, அலவாங்கோடு நின்றேன். எங்கள் குழுவில் இன்னொரு தமிழர் இருந்தார். சுன்னாகத்துக்காரர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். சுன்னாகத்து அண்ணை என்றே உங்களுக்கும் தெரியும். மேற்பார்வையாளர் ஒரு டெனிஷ்காரர். கெட்ட மனிதரில்லை, ஆனால் ஒருவனைப் பற்றி ஒரு முறை முடிவெடுத்தால் பிறகு மாற்றமாட்டார். அந்த முதியோர் இல்லத் தோட்டம்தான் என் பதின்மூன்றாவது கிழமையில் முடிய இருந்தது.

அந்த ஜப்பான்கார அம்மாவை முதன்முதலாகக் கட்டிலில் படுத்திருந்த நிலையில்தான் பார்த்தேன். இல்லத்தின் பழைய பகுதியில் ஆட்கள் இருந்தார்கள். புதிய பகுதி கட்டி முடித்து, பன்னிரண்டு அறைகளும் கட்டில் மட்டும் போட்டபடி ஆளில்லாமல் கிடந்தன. அவற்றின் நடுவே முற்றம், வெறும் களிமண். நான் கையில் நீளத் தடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நிற்க வேண்டும். அவர் ஒவ்வோர் அறையாகப் போய், கட்டிலில் தலையணையில் தலைவைத்துப் படுத்து, யன்னல் வழியே குரல் கொடுப்பார். "இடப்பக்கம். இன்னும் ஒரு சாண். அங்கையே நில்லும்." நாங்கள் இருவரும் கதைத்தது டெனிஷில், எனக்கு நினைவில் இருப்பது இப்போது தமிழிலேயே வருகிறது, அப்படியே எழுதுகிறேன். நான் நிற்கும் இடத்தில் ஒரு முளை அடிக்கப்படும். அங்கேதான் கல் வரும். இங்கே வரப்போகிறவர்களில் பாதிப்பேர் கட்டிலை விட்டு எழும்பமாட்டார்கள், ஆகவே தோட்டத்தைத் தலையணையிலிருந்துதான் அமைக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. பன்னிரண்டு யன்னலுக்கும் பன்னிரண்டு கல். எழும்பி நடக்கக் கூடியவர்களுக்கு இடையில் ஒரு பாதை.

சுன்னாகத்து அண்ணை மண் அள்ளும் சவளை ஊன்றிக்கொண்டு பார்ப்பார். "எடேய், இந்த மனுசி படுத்துக்கொண்டு வேலை வாங்குது. நான் இருவத்தைஞ்சு வருசமா இந்த நாட்டிலை நிண்டுகொண்டு வேலை செய்யிறன். ஆர் இதிலை கெட்டிக்காரர் சொல்லு பாப்பம்?"

"மெல்லக் கதையுங்கோ அண்ணை, கேக்கப்போகுது."

"கேட்டால் என்ன, தமிழ் விளங்கவே போகுது? கல்லுக்கும் சாதகம் பாக்கிற ஆள் இவ. இந்தக் கல்லுக்கும் அந்த யன்னலுக்கும் பொருத்தம் எட்டாம், இன்னும் ரெண்டு பாக்க வேணுமாம்."

எனக்குச் சிரிப்பு வரும். அவரும் யன்னலுக்குள்ளிருந்து சிரிப்பார். ஏன் சிரிக்கிறோம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

ஐம்பது வயது தாண்டியவர். சிறிய உருவம், நரைத்த முடியை ஒரு றப்பர் வளையத்தால் பின்னுக்குக் கட்டியிருப்பார். மண்வேலைக்காரர் போடும் அதே காற்சட்டை. எங்கே போனாலும் கூடவே ஒரு மடிப்பு முக்காலி. கோப்பிக்கு நாங்கள் வண்டியின் பின்பக்கம் உட்காரும்போது அவரும் அதை விரித்து உட்காருவார். ஒருநாள் சுன்னாகத்து அண்ணைதான் கேட்டார், இதையெல்லாம் ஜப்பானில் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள் என்று. அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்ன பதில் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஜப்பானில் அவர் தோட்டமே படிக்கவில்லையாம். கடற்கரைப் பட்டணம் ஒன்றில் கப்பல் சாமான் ஏற்றுமதி அலுவலகத்தில் தட்டச்சு வேலை. இருபத்துநாலு வயதில் ஒரு வருடம் இங்கே தங்கிப் படிக்க வந்து, அந்த வருடம் முடிந்தும் போகாமல் நின்றிருக்கிறார். கிடைத்த முதல் வேலை ஹோர்சன்ஸுக்கு வெளியே ஒரு தேவாலயத்தின் சுடலையில். உங்களுக்குத் தெரியும், இந்த நாட்டுச் சுடலைகள் எப்படி இருக்குமென்று. ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு சிறு வேலி, உள்ளே பரவிய பொடிக்கல், அதைச் சனிக்கிழமைகளில் நீளப்பிடி வாரியால் கோடு கோடாக வாரி விடுவார்கள். ஏழு வருடம் அவர் செய்தது அந்த வேலை.

"எல்லாரும் நான் ஜப்பானிலையிருந்து கொண்டு வந்தது எண்டு நினைக்கினம்," என்றார். "பொடிக்கல் வாரப் பழக்கினது ஒரு டெனிஷ் வெட்டியான். கல்லை எப்பிடி மண்ணுக்குள்ளை இருத்திறது எண்டதையும் அவர்தான் காட்டினவர். நான் அதைச் செத்தவையிட்டையிருந்து எடுத்து உயிரோடை இருக்கிறவைக்குக் குடுத்தன், அவ்வளவுதான்."

பிறகு ஒரு பல் வைத்தியரின் வீட்டுப் பின்புறம், ஓர் அலுவலகத்தின் நடுமுற்றம், ஒரு பாடசாலை என்று மெல்ல மெல்லப் பெயர் வந்திருக்கிறது. பெயர் வந்தபிறகு வந்தவர்கள் எல்லோரும் அவரிடம் கேட்டது சிவப்புப் பாலமும் கல் விளக்கும். அவர் ஒன்றும் வைத்ததில்லை. இந்த இல்லத்தின் தலைவியும் ஒரு பாலம் வைக்கலாமா என்று கேட்டாள். "பாலத்துக்குத் தண்ணி வேணும். இங்கை தண்ணி மேலையிருந்துதான் வருது. அதுக்குக் குடைதான் வேணும்," என்றார். அந்தத் தலைவி சிரித்துவிட்டாள், பாலத்தை விட்டுவிட்டாள். இந்த மண்ணில் இருப்பதைக் கொண்டே செய்ய வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மேற்குக் காற்றில் வளைந்த பைன் மரம், பீச் மர வேலி, வயற்கல்.

வயற்கல் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே நிலத்துக்குள் கற்கள் உண்டு. ஒவ்வொரு மாரியிலும் உறைபனி அவற்றை மேலே தள்ளும், இளவேனிலில் உழும்போது கலப்பையில் தட்டுப்படும். விவசாயிகள் அவற்றைப் பொறுக்கி வயலின் ஓரத்தில் குவித்து விடுவார்கள். அப்பன் காலத்துக் குவியல், பாட்டன் காலத்துக் குவியல் என்று கிடக்கும். காலம் போகப்போக அவற்றில் கற்பாசி பிடிக்கும். சாம்பல், வெளிர்பச்சை, சில இடத்தில் மஞ்சள் கொட்டியது போல. ஒரு சாண் வட்டம் படர ஒரு மனிதனின் ஆயுள் வேண்டும். அந்த அம்மா தோட்டம் தோட்டமாக, வயல் வயலாக ஏறி இறங்கி விவசாயிகளிடம் கேட்டுக் கல் எடுப்பார். இந்தப் பன்னிரண்டில் ஐந்து, பழைய பகுதியில் இருந்த ஒரு கிழவரின் வயலிலிருந்து வந்தவை. தொண்ணூறு வயதுக்குக் கிட்ட, சக்கர நாற்காலியில் இருப்பார். புதிய பகுதி திறந்ததும் மூன்றாவது அறை அவருக்கு. அந்த அறையின் யன்னலுக்கு நேரே அவருடைய வயற்கல்லையே வைக்க வேண்டும் என்று அந்த அம்மா குறித்திருந்தார். "அவர் கண் முழிக்கேக்கை தன்ரை வயலின்ரை ஓரத்தைப் பாக்கட்டும்," என்றார்.

அந்தக் கற்களைக் கொண்டுவர எங்களுக்கு மூன்று கிழமை ஆனது. சங்கிலி போடக் கூடாது, துணிப்பட்டிதான். பட்டிக்கும் கல்லுக்கும் இடையில் பழைய போர்வை. வடக்கே பார்த்திருந்த பக்கம் வடக்கே பார்த்தே நிற்க வேண்டும். அதற்காகக் கல்லில் சிறு கடதாசி ஒட்டியிருப்பார். கல் தூக்கும் பெக்கோ இயந்திரத்தை ஓட்டுகிறவன் கையை அவர் கண் பிரியாது. கல்லின் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும். நானும் அண்ணையும் அலவாங்கால் சுற்றிவர இடித்து இறுக்குவோம். இறக்கி முடிந்ததும் அவர் அறைக்குள் ஓடிப்போய்ப் படுத்துப் பார்ப்பார்.

இப்போது அந்த வியாழக்கிழமையைச் சொல்ல வேண்டும். அடுத்த நாள் திறப்பு விழா. கொமூனிலிருந்து ஆட்கள் வருவார்கள், பத்திரிகைக்காரர் வருவார்கள். அதே வெள்ளிக்கிழமைதான் என் பிரக்டிக் முடியும் நாள்; மேற்பார்வையாளர் இன்னும் ஒரு சொல் சொல்லவில்லை. அந்த அம்மா செடி எடுக்கப் போயிருந்தார். மேற்பார்வையாளர் வேறிடத்தில். சுன்னாகத்து அண்ணை மத்தியானம் பல் பிடுங்கப் போய்விட்டார். பாதையைக் கூட்டி, சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். நான் கூட்டினேன், ஏற்றினேன். இன்னும் நேரம் இருந்தது.

நின்று பார்த்தேன். பாதை பளிச்சென்று இருந்தது. பொடிக்கல் புதிது. சுவர் புதிது. கற்கள் மட்டும் அழுக்காக நின்றன. எனக்கு அப்படித்தான் தெரிந்தது. எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு நல்ல காரியமென்றால் முதல்நாள் கழுவ வேண்டும். நாங்கள் இங்கே கோயிலுக்கென்று எடுத்த மண்டபத்தை வியாழன் பின்னேரங்களில் கழுவுகிற முறை அப்போது எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும். கழுவாத இடத்தில் வெள்ளிக்கிழமை விளக்கேற்ற மாட்டோம். அன்றும் வியாழன். இந்த வேலையில் நான் கோயில் வேலையைத் தவறவிட்டுவிட்டேனே என்ற குறை வேறு. கல்லில் இருப்பதை அந்த அம்மா விரும்பினார் என்று எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். போர்வை சுற்றியதெல்லாம் கல் உரசுப்படாமல் இருக்க என்றுதான் நினைத்தேன். வீடு கட்டும்போது சீமெந்துக் கறையைக் கடைசி நாளில்தானே சுரண்டுவார்கள், அதுபோலக் கடைசியில் கழுவ விட்டிருக்கிறார்கள் என்று எண்ணினேன். இன்னொன்றும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மேற்பார்வையாளர் காலையில் வந்து பார்த்துவிட்டு, இவன் சொல்லாமலே செய்கிறவன் என்று நினைக்கட்டும் என்ற ஆசையும் இருந்தது.

வண்டியில் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் இருந்தது, பாதைக் கல் கழுவ வைத்தது. அதை இறக்கிப் பூட்டி, முதல் கல்லில் பிடித்தேன். சாம்பல் தோல் உரிந்து, உள்ளே இளஞ்சிவப்புக் கல் வந்தது. கறுப்புப் புள்ளிகள், நடுவே வெள்ளைக் கோடு. எவ்வளவு வடிவு என்று நினைத்தேன். அடுத்த கல் நீலச் சாம்பல். அடுத்தது வேறு. பன்னிரண்டையும் கழுவினேன். தண்ணீர் போகாத வடக்குப் பக்கங்களை முழங்காலில் இருந்து தும்புக்கட்டையால் தேய்த்தேன். அன்று நான் சந்தோஷமாகத்தான் கழுவினேன். வாயில் தேவாரம் கூட இருந்தது.

காலையில் முதலில் வந்தவர் சுன்னாகத்து அண்ணை, ஒரு பக்கக் கன்னம் வீங்கியபடி. முற்றத்து வாசலில் அப்படியே நின்றுவிட்டார். "உதென்னடாப்பா, கல்லெல்லாம் தலைமுழுகிப்போட்டு நிக்குது?"

"நான்தான் அண்ணை. நேற்றுப் பின்னேரம்."

"விசரா! அவ அந்தப் பாசிக்காகத்தானேடா ஊர் ஊரா அலைஞ்சவ! கல்லுக்குக் கும்பாபிசேகம் செய்யச் சொல்லி உன்னை ஆர் கேட்டது?" பகிடிபோலத் தொடங்கினவர் கடைசிச் சொல்லில் சிரிக்கவில்லை. என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்த அம்மா வந்தார். கையில் ஒரு தட்டுச் செடி. அதை மெதுவாகக் கீழே வைத்தார். ஒவ்வொரு கல்லாகப் போய், வடக்குப் பக்கத்தில் விரல் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டாவது கல்லடியில் முக்காலியை விரித்து உட்கார்ந்தார். நான் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். சத்தம் போட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அப்போது மேற்பார்வையாளர் வந்தார். மூன்று கிழமை போர்வை சுற்றிய கூத்து அவருக்கும் தெரியும்தானே. முகம் சிவந்துவிட்டது. "ஆர் செய்தது இது?" என்று கேட்டபடி என்னைத்தான் பார்த்தார். நான் வாய் திறக்க முன்னம், முக்காலியிலிருந்து குரல் வந்தது.

"நான்தான் கழுவச் சொன்னனான்."

"நீரோ? ஏன்?"

"யோசிச்சுப் பாத்தன். இப்பிடித்தான் இருக்க வேணும்."

மேற்பார்வையாளர் அந்த அம்மாவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு, குப்பைப் பெட்டி எங்கே என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனபின் அந்த அம்மா என்னிடம் திரும்பினார். கண் சிவந்திருந்தது. "ஊத்தை எண்டு நினைச்சோ கழுவினனீர்?"

"இல்லை. ஆக்கள் வருகினம் எண்டு கழுவினன். எங்கடை வழக்கம் அது. வாறவைக்கு மரியாதை."

அவர் குனிந்து மண்ணைப் பார்த்தார். அப்போது பழைய பகுதிக் கதவு திறந்து, ஒரு தாதி அந்தக் கிழவரை நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். விழாவுக்கென்று கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். மூன்றாவது யன்னலுக்கு நேரே இருந்த கல்லடியில் நிறுத்தச் சொன்னார். அது அவருடைய வயற்கல். அதன் நெற்றியில் பெரிய மஞ்சள் வட்டம் இருந்தது, இப்போது இல்லை. எனக்கு ஓடிப்போய் அவர் காலில் விழலாம் போலிருந்தது.

கிழவர் குனிந்து, கையை நீட்டி, ஈரக் கல்லைத் தடவினார். பிறகு சிரித்தார். பொய்ப்பல் அசையச் சிரித்தார். "எட, நீயோ!" என்றார் கல்லைப் பார்த்து. "இப்பிடித்தான் வந்தது. இதே நிறம். நான் குதிரையின்ரை கயிறு பிடிச்சனான், அப்பா கலப்பை பிடிச்சவர். நிலத்துக்குள்ளையிருந்து வரேக்கை இப்பிடித்தான் சிவப்பா, ஈரமா இருந்தது. எழுபது எண்பது வருசமா இதின்ரை முகத்தை நான் பாக்கேல்லை."

அந்த அம்மா எழும்பினார். முக்காலியை எடுத்துக்கொண்டு வந்து கிழவரின் பக்கத்தில், அவர் கண்ணின் உயரத்துக்கே இருக்கும்படி விரித்து உட்கார்ந்தார். "இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றார். கிழவர் மறுபடி சொன்னார், இந்த முறை குதிரையின் பெயரோடு. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த முகத்தில் நடந்ததை எனக்கு எழுதத் தெரியவில்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கிற பிள்ளையின் முகம்போல என்று வேண்டுமானால் சொல்லலாம்.

விழாவில் அவரைப் பேசச் சொன்னார்கள். நாலு வசனம்தான் பேசினார். கற்கள் நேற்று உழவில் வந்தவைபோல நிற்கின்றன, அப்படியே தொடங்கட்டும், இந்த வீட்டில் இருக்கப் போகிறவர்களோடு சேர்ந்து அவற்றுக்கும் இங்கே வயதாகட்டும், தென்மேற்குப் பக்கத்துக் கல்லில் முதலில் பாசி பிடிக்கும், பார்த்துக்கொண்டிருங்கள். எல்லோரும் கைதட்டினார்கள். பின்னேரம் மேற்பார்வையாளர் வண்டியின் முன்கதவில் வைத்து என்னை நிரந்தரமாக எடுக்கும் கடதாசியில் கையெழுத்துப் போட்டார். அன்று நான் வீட்டுக்கு ஓடிவந்து உன்னைத் தூக்கிச் சுற்றினேன், மகளே. உனக்கு நினைவிருக்காது. அந்தக் கையெழுத்தில்தான் நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தோம், தம்பி பிறந்தான்.

அவர் என்னை உடனே மன்னித்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அடுத்த இரண்டு மாதமும் என்னோடு நேரே கதைக்கவில்லை. செடிக்குத் தண்ணீர் விடச் சொல்வதென்றால்கூட சுன்னாகத்து அண்ணையிடம் சொல்லி அனுப்புவார். அண்ணை அதைத் தூதுபோலக் கொண்டு வருவார்: "அம்மா சொல்லிவிட்டவ, செடியை மட்டும் நனைக்கட்டாம், கல்லை நனைக்க வேண்டாமாம்." அதற்குப் பிறகு ஒருநாள் கொம்பனிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம், தலைநகருக்குக் கிட்ட, அல்பர்ட்ஸ்லுண்டில் ஒரு பாடசாலை முற்றம். "அந்தக் கழுவுகிற ஆளை அனுப்புங்கோ," என்று கேட்டாராம். போனேன். வயலிலிருந்து அப்போதுதான் கிண்டிய கற்கள் குவிந்திருந்தன, களிமண் அப்பியபடி. தும்புக்கட்டையை என் கையில் தந்து, "வாறவைக்கு மரியாதை செய்யும்," என்றார். முகத்தில் சிரிப்பில்லை, ஆனால் கண்ணில் இருந்தது. அதன்பின் பதினொரு தோட்டங்களில் அவருக்காகக் கல் கழுவினேன். எல்லாம் வெறுங்கல். எல்லாம் அங்கே வாழ்கிறவர்களோடு சேர்ந்து தொடங்கிய கல்.

ஒரே ஒருமுறைதான் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேட்டேன். பாடசாலை வேலை முடிந்து வண்டியில் கடல் மேலுள்ள பெரிய பாலம் தாண்டி வரும்போது. எனக்காக ஏன் பொய் சொன்னீர்கள் என்று. அவர் கொஞ்சம் யோசித்தார். "உமக்காக இல்லை," என்றார். "நீர் செய்ததெண்டு நான் சொல்லியிருந்தால், அது ஒரு பழுதாய்ப்போன தோட்டம். வாற எல்லாரும் பழுதைத்தான் பாத்திருப்பினம். நான் செய்ததெண்டு சொன்னால் அது ஒரு தோட்டம். கட்டிலிலை கிடக்கிற பன்னிரண்டு பேருக்கு ஏன் நான் பழுதைக் குடுக்க வேணும்?" எனக்கு அதைக் கேட்க முகத்தில் அடித்தாற்போல இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. அதன்பின் அதை நாங்கள் இருவரும் கதைக்கவில்லை. அவர் வேறு எவரிடமும் சொல்லவில்லை என்பது இந்தப் புத்தகத்தைப் பார்க்கும்போது தெரிகிறது. சுன்னாகத்து அண்ணை மகனோடு லண்டனுக்குப் போய், அங்கேயே காலமாகிவிட்டார். கிழவர் அந்த மூன்றாவது அறையில் நாலு வருடம் இருந்தார். இந்தக் கதை தெரிந்த ஆள் இன்று நான் ஒருவன்.

அதனால்தான் யோசனை. சொன்னால் அவருடைய பெயருக்குக் குறைவோ? அறிவாளிகள் எல்லோரும் பெரிய திருப்பம் என்று எழுதி வைத்ததை, வேலை பழக வந்த ஒருவனின் தண்ணீர்க் குழாய் என்று சொல்லிவிடுவதோ? அவர் காத்த பொய்யை நான் உடைப்பதோ? போன ஞாயிறு மத்தியானம் நீங்கள் வெளியே போனபின் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த இல்லத்துக்குப் போனேன். அங்கே இப்போது எனக்குத் தெரிந்தவர் எவரும் இல்லை. முற்றத்துக்குள் விட்டார்கள். வேலி ஆளுயரம் வளர்ந்திருக்கிறது. தென்மேற்குப் பக்கத்துக் கல்லில் சாம்பல் வட்டங்கள், பெரியது என் பெருவிரல் நகத்தளவு. கிழவரின் கல்லில் இரண்டு மஞ்சள் பொட்டு, கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. மூன்றாவது யன்னலுக்குள் யாரோ ஒரு பெண்மணி தலையணையில் சாய்ந்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தா. நான் குறுக்கே நிற்காமல் விலகினேன். இனி இந்தத் தோட்டத்தை எவரும் பழுது என்று சொல்ல முடியாது என்பது அப்போது விளங்கியது. அந்தப் பொய்க்கு அன்று வேலை இருந்தது. அது தன் வேலையை முடித்துவிட்டது. இனியும் அதை வைத்திருந்தால் அவருடைய மிகப் பெரிய காரியம்தான் மறைந்துபோகும். நெடுநாள் யோசித்து வெறுங்கல் வைக்க எவராலும் முடியலாம். இருபது வருடத் தேட்டம் ஒரு பின்னேரத்தில் அழிந்து கிடக்க, அதன் நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு கிழவர் சொல்வதை "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்று கேட்க அவரால்தான் முடிந்தது. உங்களுக்கும் நான் சொல்ல நினைத்தது இதுதான்.

வீட்டுக்கு வந்தேன். நீங்கள் இருவரும் இன்னும் திரும்பவில்லை. கணினியைத் திறந்து, புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்த முகவரிக்குக் கடிதம் எழுதினேன். வழமைபோல மகளிடம் காட்டித் திருத்தியிருந்தால் டெனிஷ் நன்றாக இருந்திருக்கும். இந்த முறை அப்படிச் செய்ய மனம் வரவில்லை. கிழவரையும் குதிரையையும் முதலில் எழுதினேன். அந்த அம்மா "இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்று கேட்டதை எழுதினேன். என்னைப் பற்றி எழுத வேண்டிய வசனத்தை மூன்று முறை அழித்தேன். ஒவ்வொரு முறையும் அதில் ஒரு காரணமும் வந்து ஒட்டிக்கொண்டது. நாலாம் முறை காரணங்களை எல்லாம் எடுத்துவிட்டு, கற்களைக் கழுவியவன் நான் என்று மட்டும் எழுதி, கீழே என் முழுப்பெயரையும் போட்டு அனுப்பினேன்.